மூங்கிலடியும் மூங்கிலாறும்

ஊர்ப்பெயர்கள் பழமையின் எச்சங்கள். மண்ணும் நீரும் மரமும் மாறிப்போன பின்னரும், அவற்றைச் சுட்டி எழுந்த பெயர் மட்டும் மக்கள் நாவில் நின்று நிலவுவதுண்டு. தமிழகத்து ஊர்ப்பெயர்களை ஆராய்ந்து ரா. பி. சேதுப்பிள்ளை காட்டிய நெறி சிங்கப்பூருக்கும் பொருந்துவதே. இத்தீவில் தமிழர் வாழ்வோடு பிரிக்கவொண்ணாத தொடர்புடைய சிராங்கூன் சாலையின் பெயரை எடுத்துக்கொள்வோர்க்கு முதலில் எதிர்ப்படுவது ஒரு பறவை. மலாய் மொழியில் 'ரங்கோங்' எனப்படும் நீர்ப்பறவையின் பெயரே சிராங்கூன் ஆற்றுக்கும், பின்னர் அவ்வாற்றை நோக்கிச் சென்ற சாலைக்கும் ஆயிற்று என்பர். பழைய நிலப்படங்கள் அவ்வாற்றை 'ரங்கூங்' என்றே குறிக்கின்றன. வேறு பெயர்க்காரணம் கூறுவாரும் உளர். அது செவிக்கு இனிக்கும் கதையே யன்றிச் சான்றுடையதாகத் தோன்றவில்லை. ரங்கோங் என்பது நாரை இனத்தது. முதுகு கருமை, வயிறு வெண்மை, தலையும் கழுத்தும் இறகின்றி வழுக்கை. கழிமுகச் சேற்றில் அசையாது நின்று மீனும் தவளையும் கவர்ந்துண்பது.

அச்சாலையின் தொடக்கத்திலுள்ள சந்தைக்குத் தமிழர் வழங்கும் பெயர் தேக்கா. இது தமிழ்ச்சொல்லும் அன்று, தேக்கு மரத்தோடு தொடர்புடையதும் அன்று. 'சிறு மூங்கிலின் அடி' எனப் பொருள்படும் ஹொக்கியன் சீனத் தொடரின் குறுக்கம் அது. ரோச்சோர் ஆற்றங்கரையில் அடர்ந்திருந்த மூங்கிற் புதர்களே அப்பெயருக்குக் காரணம். அவ்விடத்தை மலாய்க்காரர் 'கண்டாங் கெர்பாவ்', அஃதாவது எருமைத் தொழுவம் என்றனர். சீனர் மூங்கிலைக் கண்டனர். மலாய்க்காரர் எருமையைக் கண்டனர். தமிழர் சுண்ணாம்பைக் கண்டனர். சிராங்கூன் சாலையின் ஒரு பகுதி நெடுங்காலம் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றே வழங்கியது. அங்குள்ள வீரமாகாளியம்மன் கோயிலையும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே முதியோர் அழைத்தனர். பறவை, மூங்கில், எருமை, சுண்ணாம்பு என்னும் நான்கையும் ஒருசேர வைத்து நோக்கினால், இன்று கடைகளும் பேருந்துகளும் நெருங்கிய அந்நிலம் ஒரு காலத்தில் ஆறும் சேறும் புல்லும் நிறைந்த நீர்நிலமாக இருந்த உண்மை புலப்படும்.

அந்நீர்நிலமே தமிழரை அங்கு ஈர்த்தது என்பது நோக்கற்பாலது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்நடை வாணிகம் அங்கே தழைத்தமைக்குக் காரணம், எருமைகள் புரள்வதற்குச் சேறும், மேய்வதற்குப் புல்லும், குடிப்பதற்கு ஆற்று நீரும் ஓரிடத்தே கிடைத்தமைதான். எருமைச் சாலை, கெர்பாவ் சாலை, லெம்பு சாலை என்னும் தெருப்பெயர்கள் அவ்வாணிகத்தின் நினைவுக் கற்கள். கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் பெலிலியோஸ் அத்தொழிலில் பெரும்பொருள் ஈட்டினார். அவர் பெயரும் ஒரு தெருவில் நிற்கின்றது. மாடு மேய்த்தும் பால் கறந்தும் வண்டியோட்டியும் பிழைத்த எண்ணற்ற தமிழர் பெயர்களுக்குத் தெரு கிடைக்கவில்லை.

அந்நிலத்தை மாற்றியமைத்த கைகளிலும் தமிழ்க் கைகள் பல. 1819ஆம் ஆண்டு ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை வைத்தார் என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. 1825ஆம் ஆண்டு பென்கூலனிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவாரில்லை. சென்னை மாகாணத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் நாடு கடத்தப்பட்ட அவர்கள் சாலை அமைத்தனர், சிராங்கூன் சாலைச் சூளைகளில் செங்கல் அறுத்தனர், சதுப்புகளைத் தூர்த்தனர். 1873ஆம் ஆண்டு அம்முறை முடிவுற்றது. நகரின் அடுப்புக்கும் சூளைக்கும் வேண்டிய விறகையும் கரியையும் பெரிதும் தந்தவை கடலோரக் கண்டல் மரங்களே. இளகிய சேற்று மண்ணில் கட்டடம் எழுப்பும்போது அடித்தளமாக அடிக்கப்பட்டவையும் 'பாக்காவ்' எனப்படும் அம்மரக் கழிகளே. கழி என்னும் சொல் தமிழில் கோலையும் குறிக்கும், கடல்நீர் உட்புகுந்த நீர்நிலையையும் குறிக்கும். கழியில் விளைந்த கழிகளை ஊன்றியே கழியின் மேல் நகரம் எழுந்தது எனலாம்.

சதுப்பைத் தூர்த்தோரைக் குறை கூறுதல் எளிது. ஆயினும் அக்காலத்தை அக்காலத்தவர் கண்கொண்டு நோக்குதல் வரலாற்று மாணவர் கடன். அன்று சதுப்பு என்றால் முறைக்காய்ச்சல் என்று பொருள். 1901ஆம் ஆண்டு கிள்ளானில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் வடிகால் வெட்டிக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டிய பின்னர், நீரை வடிப்பதே உயிரைக் காப்பது என்னும் எண்ணம் மலாயா முழுவதும் வேரூன்றியது. தோட்டங்களில் காய்ச்சலால் மாண்டவருள் பெருந்தொகையினர் தமிழ்த் தொழிலாளரே. அவர்தம் வழித்தோன்றல்கள் சதுப்பின் அழிவை எண்ணிக் கண்ணீர் வடிக்கவில்லையெனில் வியப்பில்லை. கொசுவின் இனங்கள் பல என்பதும், சில இனங்கள் காடு வெட்டி வெயில் படச் செய்த ஓடைகளிலேயே மிகுதியாகப் பெருகுகின்றன என்பதும் அதே வாட்சன் முதலியோர் ஆய்வால் விளங்கிய உண்மைகள். எல்லாச் சதுப்பும் பகையன்று என்று அறிவியல் உணர்த்தியபோது சதுப்பின் பெரும்பகுதி மறையத் தொடங்கிவிட்டது.

மறைந்த அளவு பெரிது. 1819ஆம் ஆண்டளவில் தீவின் பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடு, அஃதாவது சுமார் 75 சதுர கிலோமீட்டர், கண்டற் காடாக இருந்தது என்று அறிஞர் கணித்துள்ளனர். இன்று எஞ்சியிருப்பது 10 சதுர கிலோமீட்டருக்கும் குறைவே. காலாங் ஆற்று முகத்துச் சதுப்பின் மேல் 1937இல் விமான நிலையம் எழுந்தது. 1960களில் ஜூரோங் சதுப்புகள் தொழிற்பேட்டையாயின. குடிநீர்த் தேவைக்காக ஆற்று முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைகட்டி அடைக்கப்பட்டன. 1975இல் கிராஞ்சி, 1981இல் மேற்குக் கரையின் நான்கு ஆறுகள், 2008இல் நகர நடுவேயுள்ள மரினா, 2011இல் சிராங்கூன் ஆறு என அவ்வரிசை நீளும். அண்டை நாட்டு நீரை நம்பி வாழ்ந்த ஒரு சிறு தீவு இவ்வாறு செய்ததில் நியாயம் இருந்தது. ஆயினும் அலை ஏறி இறங்கும் இடமே சேற்றுவாழ் உயிர்களுக்கு இல்லம். அணை எழுந்ததும் அலை நின்றது. அலை நின்றதும் சேறு மூழ்கியது.

சிராங்கூன் ஆற்றின் கதை ஒரு தனிக் கட்டுரைக்கு உரியது. ரங்கோங் நின்ற கரையோரத்தில், லோரோங் ஹாலுஸ் என்னுமிடத்தில், 1970 முதல் 1999 வரை நகரின் குப்பை கொட்டப்பட்டது. ஆறு நீர்த்தேக்கமாக மாறவிருந்த நிலையில், குப்பைமேட்டிலிருந்து கசியும் கழிவுநீர் அதில் கலவாதபடி தடுக்க வேண்டியதாயிற்று. அதற்கெனக் கோரையும் நாணலும் வளர்த்த செயற்கை நீர்நிலம் ஒன்று அமைக்கப்பட்டு 2011இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இயற்கை இலவசமாகச் செய்துவந்த தொழிலை மனிதன் பொருள் செலவிட்டு மீண்டும் நிறுவ நேர்ந்தது. ரங்கோங் நாரையோ அங்குக் குடியேறவில்லை. எப்பொழுதேனும் ஒன்றிரண்டு தீவுக்கு வந்து போவதுண்டு.

சிராங்கூனை விட்டு வடமேற்கு மூலைக்குச் சென்றால் மற்றொரு மூங்கில் எதிர்ப்படும். 'பூலோ' என்பது மலாய் மொழியில் மூங்கில். சுங்கை பூலோ என்றால் மூங்கிலாறு. ஜொகூர் நீரிணையைப் பார்த்துக் கிடக்கும் அவ்வாற்று முகமும் தூய கன்னிநிலம் அன்று. கண்டற் காட்டை வெட்டி, கரை எழுப்பி, இறால் வளர்க்கும் குளங்களாக்கியிருந்தனர். அக்குளங்களின் அமைப்பு அறியத்தக்கது. கரையில் மரப்பலகை மதகு ஒன்று இருக்கும். கடல் ஏறும்போது மதகைத் திறப்பர். நீரோடு இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் தாமே உட்புகும். பின்னர் மதகை அடைத்து வளரவிட்டு, உரிய காலத்தில் கடல் வற்றும் இரவில் மதகுவாயில் வலைகட்டித் திறந்தால் விளைச்சல் வலையில் வந்து விழும். தீனியும் எந்திரமும் வேண்டா. நிலவும் அலையுமே ஊழியர். நீர் வடிந்த குளத்தின் அடிச்சேற்றில் புழுவும் நத்தையும் சிறு நண்டும் மிகுந்திருந்தன. அவற்றை நாடிப் பறவைகள் வந்தன.

1986ஆம் ஆண்டு மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர் சிலர் அவ்விடத்தைக் கண்டனர். வங்கித் தொழிலில் உயர்பதவி வகித்த ரிச்சர்டு ஹேல் அவர்களுள் முதன்மையானவர். அந்நிலம் வேளாண் தொழில்நுட்பப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்கள் கூச்சலிடவில்லை. வாரந்தோறும் சென்று எண்ணினர். எந்தப் பறவை, எத்தனை, எந்தத் திங்கள் என்று குறித்து, அக்குறிப்போடு காப்பகம் அமைக்கும் திட்டத்தையும் அரசின் முன் வைத்தனர். நிலத்தை விலை கொண்டு அளக்கும் நாட்டில் பறவைக்காக நிலம் கேட்பது நகைப்புக்கு இடமாகியிருக்கலாம். கணக்குப் பேசியமையால் அரசு செவிசாய்த்தது எனக் கருத இடமுண்டு. 1989இல் அவ்விடம் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அதே 1989ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள், தேக்காவும் சிராங்கூன் சாலையும் அடங்கிய லிட்டில் இந்தியா வட்டாரம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன். ஓராண்டில், ஓர் அமைச்சின் கீழ், மூங்கிலடியும் மூங்கிலாறும் காப்புப் பெற்றன. ஒன்றில் கடைவீடுகளின் சுவர்களும் சாளரங்களும் காக்கப்பட்டன. மற்றொன்றில் சேறும் அலையும் காக்கப்பட்டன. தமிழர் வரலாறு எழுதுவோர் முன்னதைப் பலகாலும் எடுத்துரைப்பர். பின்னதைத் தமக்குத் தொடர்பில்லாச் செய்தியாக விட்டுவிடுவர். நீர்நிலத்தில் குடியேறி, நீர்நிலத்தால் பிழைத்து, நீர்நிலத்தைத் தூர்த்த ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாற்றில் நீர்நிலம் இடம்பெறாமை குறையே.

பூங்கா 87 ஹெக்டர் பரப்பில் அமைந்து, 1993ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் பிரதமர் கோ சோக் தோங் அவர்களால் திறந்துவைக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் 130 ஹெக்டராக விரிந்து சட்டப்படி இயற்கை வனப்பகுதியாயிற்று. 2014இல் 202 ஹெக்டராயிற்று.

அமைத்தோர் முன் நின்ற சிக்கல் ஒன்று உண்டு. மக்கள் வந்தால் பறவை பறக்கும். மக்கள் வாராவிடில் பறவைக்காகப் பரிந்து பேசுவார் இலர். அதற்குக் கண்ட தீர்வு எளியது. குளக்கரைகளில் மரத்தாலான மறைவிடங்கள் எழுப்பப்பட்டன. அவற்றின் சுவரில் நீண்ட குறுகிய திறப்பு இருக்கும். உள்ளிருப்போர் பறவையைக் காண்பர். பறவை அவரைக் காணாது. சேற்றின் மேல் பலகைப் பாதை சென்றது. கால் சேற்றைத் தொடவில்லை. அடுத்த ஆண்டிலேயே வருகையாளர் தொகை ஓர் இலட்சத்தை எட்டியது. பள்ளிகள் வந்தன. வழிகாட்டத் தன்னார்வலர் வந்தனர். முதற்கண் வருவோர் கேட்பது முதலையைப் பற்றியே. பாலத்தின் மேல் நின்று உவர்நீர் முதலை வெயில் காய்வதைக் கண்ட சிறுவன் அதன் பின்னரே சேற்றில் துள்ளும் மீனையும், வாலை அசைத்துச் செல்லும் நீர் உடும்பையும் கவனிப்பான். இறகின் நிறங்கொண்டு உள்ளான் இனங்களைப் பிரித்தறிய அவனுக்குப் பல வருகைகள் வேண்டும். ஒரு நாள் உலாவில் எல்லாம் கற்பித்துவிட முயலும் ஆசிரியர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

பழைய மதகுகள் அகற்றப்படவில்லை என்பதே இக்காப்பகத்தின் சிறந்த செய்தி. கடல் ஏறி வெளிச்சேறு முழுவதும் மூழ்கும் வேளையில் பறவைகள் நின்று இளைப்பாற இடமின்றித் தவிக்கும். அவ்வேளையில் குளத்து நீர் தாழ்ந்திருக்குமாறு மதகை அடைத்து வைப்பர். இறாலுக்காக அமைந்த கருவி பறவைக்குப் பயன்பட்டது. காத்தல் என்பது தொடாது விடுதல் என்றெண்ணுவோர் சுங்கை பூலோவில் மதகு திறக்கும் பணியாளரைக் காண வேண்டும்.

தமிழர்க்கு இவ்வகைக் காப்பு புதிதன்று. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் ஏரியில் வந்து கூடுகட்டும் பறவைகளை உழவர் வழிவழியாகக் காத்து வந்தனர். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று. வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டு விளையாடியபோது ஊரார் முறையிட, ஆட்சியர் லயனல் பிளேஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவர்தம் உரிமையை ஏற்று ஆணை எழுதிக் கொடுத்தார். வேடந்தாங்கலில் காப்போர் வயலுடையோர். சுங்கை பூலோவில் காப்போர்க்கு அந்நிலத்தால் ஒரு நெல்மணியும் இல்லை. கண்டு மகிழ்ந்த கண் ஒன்றே அவர்தம் உரிமை. அவ்வுரிமை எப்போதும் வென்றதும் இல்லை. 1994ஆம் ஆண்டு செனோக்கோ என்னும் பறவையிடத்தைக் காக்கக் கோரி 25,000 பேர் ஒப்பமிட்ட விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அந்நிலம் குடியிருப்புக்குச் சென்றது. 2001ஆம் ஆண்டின் இறுதியில் புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரை மண்ணிட்டு மூடப்படவிருந்தபோது, ஆயிரக்கணக்கானோர் கடைசியாக ஒருமுறை காண்போம் என்று அலை வற்றிய மணலில் இறங்கி நடந்தனர். அரசு அத்திட்டத்தைத் தள்ளி வைத்தது. செனோக்கோவுக்கு ஒப்பம் கிடைத்தது. செக் ஜாவாவுக்குக் கால்கள் கிடைத்தன. இரண்டின் முடிவும் வேறுபட்டதற்கு இதுவொன்றே காரணம் என்று துணிதல் அரிது. ஆயினும் கருதத்தக்கது.

தமிழ் வகுப்பறைக்குச் சுங்கை பூலோ தரக்கூடியது பிறிதொன்றும் உண்டு. நெய்தல் திணையைக் கற்கும் மாணவர் கழி, கானல், கண்டல், நாரை என்னும் சொற்களைத் தேர்வுக்காக மனனம் செய்கின்றனர். கண்டல் எப்படியிருக்கும் என்று கேட்டால் விடையில்லை. வில்லென வளைந்து சேற்றில் ஊன்றிய வேர்களோடு, மரத்திலேயே முளைவிட்டு நீண்ட காய்கள் தொங்க, அது சுங்கை பூலோவின் பலகைப் பாதையருகே நிற்கின்றது. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் தந்த மரமும் அங்குண்டு. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் வளரும் அதே இனம். அதன் பால் பட்டால் கண் கெடும் என்பதால் மலாய்க்காரர் 'குருடு' எனப் பொருள்படும் சொல்லை இரட்டித்து 'புத்தா புத்தா' என்றனர். தில்லைக் கூத்தனைப் பாடும் நாவினர் தில்லையைத் தொடாது விலகி நிற்பது நன்று.

ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் மார்ச்சு வரை வடபுலத்துப் பறவைகள் இங்கு வருகின்றன. சைபீரியாவின் பனிவெளியிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் வான்வழியில் ஏறத்தாழ 5 கோடி நீர்ப்பறவைகள் செல்வதாகக் கணிப்பர். இடையே இளைப்பாறும் சேற்றுநிலங்கள் சங்கிலியின் கண்ணிகள் போல்வன. 2006இல் தென்கொரியாவின் சேமன்கம் கழிமுகத்தை 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் அடைத்தது. மஞ்சள் கடலோரச் சேறு குறையக் குறைய, சிங்கப்பூருக்கு வரும் உள்ளான்களும் குறைகின்றன. மூங்கிலாற்றின் மதகை எவ்வளவு பேணினும் இக்குறை தீராது.

சுங்கை பூலோவில் 1990 முதல் பறவைகளுக்குக் காலில் வளையமிட்டு வருகின்றனர். பின்னாளில் சிறு கருவிகளைப் பொருத்தி அவற்றின் வழியை அறிந்தனர். அவ்வாய்வால் இரண்டு செய்திகள் வெளிப்பட்டன. கடல் வற்றும்போது பறவைகள் அருகிலுள்ள மண்டாய்ச் சேற்றுவெளிக்குச் சென்று இரை தேடுகின்றன. கடல் ஏறும்போது சுங்கை பூலோவுக்குத் திரும்பி ஓய்வெடுக்கின்றன. ஒன்றின்றி மற்றொன்றில்லை. 72.8 ஹெக்டர் பரப்புள்ள மண்டாய்ச் சேறு இயற்கைப் பூங்காவாகும் என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. 2020இல் இவையனைத்தையும் இணைத்து 400 ஹெக்டருக்கு மேற்பட்ட பூங்காத் தொகுதி அறிவிக்கப்பட்டது. மற்றொரு செய்தி 2020இல் ஆய்விதழில் வெளியாயிற்று. சிங்கப்பூரில் குளிர்காலம் கழித்த செங்கால் உள்ளான்களுட் சில, கிழக்குக் கரையோரமாகச் செல்லாது, இமயத்தைக் கடந்து சிங்ஹாய்ப் பீடபூமிக்குச் சென்றன. குமரிக்குச் சென்று வடதிசைக்கு மீளும் நாரையிடம் தன் வறுமையைச் சொல்லியனுப்பிய சத்திமுற்றப் புலவர் அப்பறவையின் வழியை அறிந்திருந்தார். சிராங்கூன் ஆற்று ரங்கோங் எவ்வழி சென்றது என்று குறித்து வைத்தார் ஒருவரும் இலர்.